கன்டார்ட்னா என்ன, டீச்சர்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கற வார்த்தைப் பட்டியல்ல 'கன்டார்ட்'னு ஒண்ணு உண்டு. போர்டுல எழுதுவேன், பக்கத்துல முறுக்குதல், கோணலாக்குதல்னு தமிழ்ல போடுவேன். வலியில அவன் முகம் கன்டார்ட் ஆச்சுன்னு ஒரு உதாரணம். வித்தை காட்டறவன் உடம்பைக் கன்டார்ட் பண்ணிச் சின்னப் பெட்டிக்குள்ள உக்காந்தான்னு இன்னொண்ணு. நோட்டுல எழுதிக்கோங்க, அடுத்த வார்த்தைக்குப் போலாம். சூலூர்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பத்தொன்பது வருசமா இங்கிலீஷ் டீச்சரா இருக்கேன். அத்தனை வருசத்துல அந்த வார்த்தை மேல எனக்குப் பாசமும் இருந்ததில்லை, பகையும் இருந்ததில்லை.

போன வருசம் அதே பட்டியலை எழுதிக்கிட்டு இருந்தப்ப மூணாவது பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி எழுந்திரிச்சா. கன்டார்ட்ங்கறது வேணும்னே பண்றதுங்களா, தானா ஆகறதுங்களான்னு கேட்டா. ரெண்டுக்கும் வரும் கண்ணுன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே என் தலை இடது பக்கமா மெல்லத் திரும்பி, தாடை தோளுக்கு மேல போயி, ஜன்னலுக்கு வெளிய இருக்கற சைக்கிள் ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. வகுப்புல ஒருத்தரும் சிரிக்கலை. எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை ஜாஸ்தி. சிரிச்சிருந்தாக்கூட ரெண்டு அதட்டு அதட்டி மனசை ஆத்தியிருப்பேன். அத்தனை பேரும் நோட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு வந்த எரிச்சல்ல கையில இருந்த சாக்பீஸை ரெண்டா ஒடைச்சு மேசை மேல போட்டேன்.

இது ஆரம்பிச்சு நாலு வருசம் ஆச்சு. மொதல்ல கழுத்துல சின்னதா ஒரு இழுப்பு. பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி வந்த வலின்னு நெனச்சேன். அப்புறம் பஸ்ஸுல உக்காந்தா தலை தானா ஜன்னல் பக்கம் போகும். நடந்தா போகும். யாராவது எதுக்க வந்து நின்னு பேசுனாக் கண்டிப்பாப் போகும். படுத்தா ஒண்ணுமே இருக்காது. தனியா உக்காந்து டீ குடிச்சா ஒண்ணுமே இருக்காது. மனுசங்க முன்னாடி மட்டும் என்னை அவமானப்படுத்தணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு வந்த மாதிரி ஒரு நோவு. கையால தலையை நேரா இழுத்து வெச்சா, கையை எடுத்த ஒடனே திரும்ப அங்கயே போயி நிக்கும்.

தைலம் தேச்சாச்சு. சுளுக்கு எடுக்கறவர்கிட்டப் போயி, அவர் ஒரு திருகு திருகி, ஒரு வாரம் படுத்தாச்சு. கழுத்துப் பட்டை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயாச்சு. கடைசியா கோயமுத்தூர்ல ஒரு நரம்பு டாக்டர் என்னை நடக்க வெச்சு, நூத்துல இருந்து பின்னால எண்ணச் சொல்லி, அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டார். கழுத்துல ஒரு குத்தமும் இல்லீங்க, மூளை கழுத்துத் தசைக்குத் தப்பான உத்தரவு குடுக்குதுன்னார். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசி போடலாம், கொஞ்சம் அடங்கும், முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன்னார். இன்னொரு டாக்டருக்குன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தார். பஸ்ஸுல வரும்போது பிரிச்சுப் படிச்சேன். நோயாளியின் கழுத்து அவர் விருப்பமில்லாமலே இடப்பக்கம் கன்டார்ட் ஆகிறதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தார். நான் போர்டுல எழுதிப் போட்ட அதே வார்த்தை. எனக்கு அழுகை வரலை, பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு.

சரி, நோவு வந்தா வந்துட்டுப் போகுது. சர்க்கரை இல்லாத வீடு இருக்கா, மூட்டுவலி இல்லாத ஆள் இருக்கா. நானும் ஊசி போட்டுக்கிட்டு இருந்துட்டுப் போயிருவேன். ஆனா நான் பொறந்தது கொங்கு நாட்டுல. இங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா, வீட்டுல இருக்கற அத்தனை பேரும் தனித்தனியா, மூஞ்சியைப் பாத்து, வாங்கன்னு சொல்லணும். அடுப்புல பால் பொங்குனாலும் சரி, போன்ல பேசிக்கிட்டு இருந்தாலும் சரி, எட்டிப் பாத்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் மத்ததைப் பாக்கணும். சொல்லாம விட்டா அது அன்னிக்கோட முடியாது. அன்னிக்கு அவ ஊட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னு பத்து வருசம் கழிச்சும் சாப்பாட்டுப் பந்தியில உக்காந்து சொல்லுவாங்க. சோறு போடாட்டிக்கூட மன்னிச்சுருவாங்க.

நான் வாங்கன்னு சொல்லாம விட்டவ இல்லை. வாய் நிறையச் சொல்றேன். சொல்றப்பத்தான் தலை அந்தப் பக்கம் போகுது. வாங்கன்னு சொல்லிக்கிட்டே மூஞ்சியை வேற பக்கம் வெச்சுக்கிட்டா, அதுக்குச் சொல்லாமலே இருந்துருக்கலாம்.

எங்க புது வீடு குடிபோன புண்ணியார்ச்சனையிலதான் மொதல் அடி விழுந்துச்சு. இது நடந்தது டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி. எனக்கே இது நோவுன்னு தெரியாத நேரம். கொடுமுடியில இருந்து எங்க அக்கா வேன் வெச்சு வந்தா. எனக்குக் கூடப்பொறந்தது அவ ஒருத்திதான். என்னைவிட ஏழு வயசு மூத்தவ. என்னை பி.எட். படிக்க வெக்க மாட்டேன்னு அப்பா அடம் புடிச்சப்ப, ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்து சம்மதிக்க வெச்சவ. அன்னிக்கு அவ மாமியார், கொழுந்தனார் குடும்பம், அவங்க சொந்தம்னு பன்னெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, தட்டு வரிசையோட வாசல்ல எறங்குனா. நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஓடிப்போயி முன்னாடி நின்னேன். வாங்கன்னு வாயைத் தொறந்தேன். தலை இடப்பக்கமாத் திரும்பி, எதுத்த வீட்டுத் தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பன்னெண்டு பேருக்கும் பன்னெண்டு தடவை வாங்க சொன்னேன், பன்னெண்டையும் அந்தத் தொட்டிக்குத்தான் சொன்னேன்.

அக்கா மாமியார் வாசப்படி ஏறல. வெயில் ஜாஸ்தியா இருக்குது, வேன்லயே இருக்கறேனுங்கன்னுட்டாங்க. மத்தவங்க உள்ள வந்து, நின்ன வாக்குல ஒரு தம்ளர் தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. அக்கா தட்டை சாமி முன்னாடி வெச்சா. என் மூஞ்சியை ஒரு தடவை உத்துப் பாத்தா. பந்தியில எலை போட்டாச்சு, சாப்பிட்டுப் போக்கான்னு கையைப் புடிச்சேன். கையை உருவிக்கிட்டுப் போனவதான். அதுக்கப்புறம் மூணு வருசம் பேச்சு இல்லை. போன் பண்ணுனா எடுக்க மாட்டா. பொங்கலுக்கு வாட்ஸ்அப்ல கும்புடு போட்டாப் பாத்துட்டு விட்டுருவா. அவ கொழுந்தனார் சம்சாரம், டீச்சர் வேலை பாக்கற திமிருன்னு ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்து சேந்துச்சு.

டாக்டர் கடுதாசி குடுத்த அன்னிக்கே அதைப் போட்டோ புடிச்சு அக்காவுக்கு அனுப்பத்தான் போனேன். எங்க வீட்டுக்காரர் கையைப் புடிச்சுக்கிட்டார். அவருக்குச் சின்னதா ஒரு லேத் பட்டறை. பேச்சுல பஞ்சு மாதிரி ஆள். யார் என்ன கேட்டாலும் பரவால்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னு முடிச்சுருவார். நமக்கு ஒரு பொண்ணு இருக்குது, மூளையில கோளாறுன்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான், கொஞ்ச நாளைக்குச் சுளுக்குன்னே சொல்லிக்கலாம்னார். அன்னில இருந்து எங்க வீட்டுக்கு வர்றவங்க, போறவங்க, பால்காரர் வரைக்கும் எல்லாருக்கும் எனக்குக் கழுத்துச் சுளுக்கு. மூணு வருசமா ஒருத்திக்குச் சுளுக்கு இருக்குமான்னு கேக்கற அளவுக்குக்கூட யாருக்கும் அக்கறை இல்லைங்கறதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கடுதாசி அனுப்ப முடியலைன்னா வாயாலயாவது சொல்லணுமே. என்னன்னு சொல்றது? நானும் டீச்சர்தானே, உக்காந்து யோசிச்சேன். கழுத்து முறுக்கிக்குதுன்னு சொன்னா, வெளக்கெண்ணெய் தேய்ங்கம்பாங்க. கோணிக்குதுன்னு சொன்னா, தெருவுல போறவனைக் கேலி பண்ற பேச்சு. இழுத்துக்குதுன்னு சொன்னா போதும், அடுத்த நாளே பக்கவாதம்னு ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. திரும்பிக்குதுன்னு சொன்னா, திரும்பாம இருந்துக்க வேண்டியதுதானேன்னு பதில் வரும். போர்டுல சாவகாசமா முறுக்குதல், கோணலாக்குதல்னு எழுதிப் போட்டேனே, அது எதுவும் என் கழுத்துக்குப் பொருந்தலை. பொருந்துன ஒரே வார்த்தை கொடுமுடியில இருக்கற எங்க அக்காவுக்குத் தெரியாத பாசையில இருந்துச்சு.

இதுக்கு நடுவுல நானா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சேன். ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் திருத்தும்போது கன்னத்துல கையை வெச்சேன், தலை கிண்ணுனு நேரா நின்னுருச்சு. புடிச்சு இழுக்க வேண்டாம், சும்மா ரெண்டு விரலை வெச்சாப் போதும். டாக்டர்கிட்டச் சொன்னேன். சிலருக்கு அப்படி நிக்கும், மூளையை ஏமாத்தற வேலைன்னார். ஆகா, பொழைச்சோம்னு வந்தேன். வகுப்புல கன்னத்துல கை வெச்சுக்கிட்டே பாடம் நடத்துனேன். ஆனா வீட்டுல முடியாதே. கன்னத்துல கை வெச்சுக்கிட்டு நின்னா எழவு வீடுன்னு அர்த்தம். நாலு பேர் வர்ற எடத்துல வெக்கறதுக்குள்ள யாராவது ஒரு அம்மா, ஏன் அம்மணி கன்னத்துல கை, எடு எடுன்னு தட்டி விட்டுருவாங்க. தலை நேரா நின்னா நான் துக்கக்காரி, கையை எடுத்தா நான் திமிர்க்காரி. இதுல எதை எடுத்துக்கறது?

போன தை மாசம் எம் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது. பல்லடம் பக்கம், நல்ல குடும்பம். அவங்க பொண்ணு பாக்க வந்தப்ப நான் ஊசி போட்டு மூணாவது வாரம், கழுத்து ஓரளவு அடங்கியிருந்துச்சு. இருந்தும் காப்பித் தட்டை நீட்டும்போது ஒரு தடவை போயிருச்சு. எங்க வீட்டுக்காரர் ஒடனே சுளுக்குங்கன்னார். மாப்பிள்ளையோட அம்மா பரவால்லீங்கன்னாங்க. பொய் சொல்லிப் பொண்ணைக் குடுக்கறோமேன்னு ஒரு பக்கம், உண்மையைச் சொல்லிக் கெடுத்துப்போடுவேனோன்னு ஒரு பக்கம்.

முகூர்த்தம் குறிச்சு, பத்திரிகை அடிச்சு வந்தாச்சு. எனக்கு வேற எந்தக் கவலையும் இல்லை. மண்டபம், சமையல், நகை எல்லாம் அவர் பாத்துக்குவார். அக்கா வரணும். எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது எம் பக்கத்துல என் கூடப்பொறந்தவ நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். எங்க பக்கத்துல நேர்ல போயி, புருசனும் பொண்டாட்டியுமா நின்னு பத்திரிகை வெக்கணும். தபால்ல அனுப்புனாலோ போன்ல சொன்னாலோ ஒருத்தரும் வர மாட்டாங்க, வரவும் கூடாது. அதனால மொதப் பத்திரிகையைச் சாமிக்கு வெச்சுட்டு, ரெண்டாவதை எடுத்துக்கிட்டு நேராக் கொடுமுடிக்கு வண்டியை விடச் சொன்னேன். வழி பூரா அவர்கிட்டக் கெஞ்சுனேன். அக்காகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிரலாமுங்க, கூடப்பொறந்தவ, வெளிய சொல்ல மாட்டான்னேன். கல்யாணம் முடியட்டும், முடிஞ்ச அடுத்த நாள் நானே வந்து சொல்றேன்னு அவர் சொன்னதையே சொல்லிக்கிட்டு வந்தார்.

அக்கா வீட்டுல அவளும் அவ பொண்ணும் மட்டும் இருந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு எங்க பொண்ணைவிட ரெண்டு வயசு கம்மி. எங்களைப் பாத்ததும் வாங்க சித்தின்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. அக்காவும் வாங்கன்னு சொன்னா. முறைக்குச் சொன்னா. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ, மேல பத்திரிகை வெச்சு ரெண்டு பேரும் சேந்து நீட்டுனோம். அக்கா வாங்கிக் கையில வெச்சுக்கிட்டா. அவசியம் வரணுமுங்கன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சார். ஆரம்பிச்சவர் அதோட நிறுத்தியிருக்கலாம். அன்னிக்குப் புண்ணியார்ச்சனையில அவளுக்குக் கழுத்துச் சுளுக்குங்க, நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாதுங்கன்னார்.

என் தலை அந்நேரம் இடப்பக்கம் போயி, சுவத்துல மாட்டியிருந்த நாள்காட்டியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் கத்துனேன். சுளுக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இது நோவுக்கா, மூளையில இருந்து வர்ற நோவு, நான் வேணும்னு திருப்பலை, இந்த மூணு வருசத்துல ஒரு நாள்கூட நான் வேணும்னு திருப்பலைன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு பையில கொண்டுவந்திருந்த டாக்டர் கடுதாசியை எடுத்துத் தட்டு மேலயே வெச்சேன்.

அக்கா கடுதாசியைத் தொடவே இல்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு," ன்னா. "அன்னிக்கு வாசல்லயே தெரியும்."

எனக்குப் புரியலை. அவ தட்டை நாற்காலி மேல வெச்சுட்டு உக்காந்தா. எங்க அப்பாவோட பொறந்த அத்தை ஒருத்தி இருந்தாங்களாம். நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே செத்துப்போயிட்டாங்களாம். அவங்களுக்கும் இதே மாதிரி தலை ஒரு பக்கமாப் போயிருமாம். கட்டிக் குடுத்த எடத்துல பேய் புடிச்சிருக்குதுன்னு கொண்டாந்து விட்டுட்டாங்களாம். கடைசி வரைக்கும் எங்க அப்பா வீட்டுக் கொல்லையிலதான் இருந்தாங்களாம். அக்காதான் அவங்களுக்குச் சோறு கொண்டுபோயிக் குடுப்பாளாம். வீட்டுல ஒருத்தரும் அவங்க பேச்சை எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லி வெச்சிருந்தாராம்.

அப்பறம் எதுக்கு என்னோட பேசலைன்னு கேட்டேன்.

உள்ள அவ பொண்ணு இருந்த அறைப் பக்கம் பாத்துட்டு அக்கா மெதுவாச் சொன்னா. "தங்கச்சி திமிர் புடிச்சவன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வம்சத்துல கழுத்து கோணற நோவுன்னா, எம் புள்ளையை யார் கட்டுவாங்க?"

அவ கொழுந்தனார் சம்சாரம் திமிருன்னு சொன்னப்ப, ஆமான்னு தலையாட்டுனதே இவதானாம். திமிர்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாளாம். நான் போன் பண்ணுனப்ப எல்லாம் போனைக் கையில வெச்சுக்கிட்டு, அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாளாம். சொல்லிட்டு அழுதா.

என்னால அழ முடியலை. மூணு வருசம். மூணு வருசமா நான் ஒரு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன். முறுக்கறதா, கோணறதா, இழுக்கறதான்னு ராப்பகலா மண்டையை ஒடைச்சேன், இவளுக்குப் புரிய வெக்கணும்னு. இவளுக்கு என்னைவிட முன்னாடியே புரிஞ்சிருக்குது. புரிஞ்சுதான் விட்டுட்டுப் போயிருக்கா. நாற்காலி மேல இருந்த தட்டுல இருந்து பத்திரிகையை எடுத்தேன். எடுத்துப் பையில வெச்சேன்.

வெச்ச பத்திரிகையைத் திருப்பி எடுக்கறதை நான் எங்கயும் பாத்ததில்லை. எங்க ஊர்ப்பக்கம் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பதறிப்போயி, ஏனுங்க அம்மணி, வேண்டாமுங்க, என்ன பண்றீங்கன்னு என்னையே வாங்க போங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டார். நான் அக்காகிட்டச் சொன்னேன். "நீ வர வேண்டாம். வந்து தள்ளி நின்னு பாக்கறதுக்கு வராமலே இரு." அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நாங்க வண்டி ஏறிட்டோம்.

வீட்டுக்கு வந்து, எம் பொண்ணை உக்கார வெச்சு எல்லாத்தையும் கொட்டுனேன். உன் மாமியார்கிட்ட இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லப் போறேன், கல்யாணம் நின்னா நிக்கட்டும்னேன். அவ என்னையே பாத்தா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, தனியாப் பேசச் சொல்லி விட்டப்ப, டாக்டர் கடுதாசியில நான் படிச்சதை மாப்பிள்ளைகிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மான்னா. அவர் அவங்க அம்மாகிட்டச் சொல்லி, அவங்களும் அதுக்கென்னன்னுட்டாங்களாம். நீங்க ரெண்டு பேரும் சுளுக்கு சுளுக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்ததால நாங்களும் ஒண்ணும் காட்டிக்கலைன்னா. அடி மடச்சி, அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதான்னு அவளைத் திட்டுனேன். அப்புறம் எங்க வீட்டுக்காரரைத் திட்டுனேன். அவர் பரவால்லன்னார். அதுக்கும் திட்டுனேன்.

கல்யாணம் பல்லடம் ரோட்டுல ஒரு மண்டபத்துல. விடிகாலை முகூர்த்தம். அஞ்சு மணிக்கெல்லாம் நான் வாசல்ல, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துல நின்னேன். ஊசி போட்டு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. ஆனா ஆளுங்க வர வர, வாங்க வாங்கன்னு சொல்லச் சொல்ல, கழுத்து தன் வேலையைக் காட்ட ஆரம்பிச்சுருச்சு. ஒரு தடவை கன்னத்துல விரலை வெச்சேன். பின்னால நின்ன ஒரு அம்மா, சுப காரியத்துல என்ன இதுன்னு கையை இழுத்து விட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கும் சந்தனத்தை நீட்டறேன், தலை அந்தப் பக்கம் இருக்கற செருப்பு வெக்கற எடத்தைப் பாக்குது. சில பேர் சங்கடமா சிரிச்சுட்டுப் போனாங்க. சில பேர் சிரிக்கலை. கண்ணு முழுக்க அந்தச் செருப்புக் குவியல்தான் தெரிஞ்சுது. எம் பொண்ணு கல்யாணத்துல நான் பாத்த மொத அரை மணி நேரம் அதுதான்.

அப்பத்தான் யாரோ என் முன்னாடி வந்து நின்னு, நகராம நிக்கறது தெரிஞ்சுது. சேலைக் கரை மட்டும் கண்ணோரத்துல தெரிஞ்சுது. வாங்கன்னேன். வாங்கன்னு இன்னொரு தடவை சொன்னேன். அந்தச் சேலை மெல்ல என்னைச் சுத்தி, செருப்புக் குவியலுக்கு முன்னாடி, என் கண்ணு பாக்கற எடத்துக்கு வந்து நின்னுச்சு. அக்கா. பட்டுச் சேலை, தலை நெறையப் பூ. கூட அவ பொண்ணு.

பத்திரிகை வெக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க பக்கத்துல ஒருத்தரும் போக மாட்டாங்க. உயிர் போனாலும் போக மாட்டாங்க. வெச்ச பத்திரிகையைப் புடுங்கிக்கிட்டு வந்த வீட்டுக்கு, பொழுது விடியறதுக்கு முன்னாடி, வயசுக்கு வந்த பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா.

"இப்பச் சொல்லு," ன்னா.

வாக்கான்னு மட்டும் சொன்னேன்.

அவளுக்குப் பின்னால எங்க சித்தி, அவங்க சம்பந்தி வீட்டாருன்னு ஏழெட்டுப் பேர் வரிசையா நின்னாங்க. எங்க சொந்தத்துல பாதிப் பேருக்கு வரன் கொண்டு வந்து சேக்கறதே அந்தச் சித்திதான். அவங்க காதுல விழுந்தா ஈரோடு வரைக்கும் விழுந்த மாதிரி. நான் நேராப் பாக்காம நிக்கறதைப் பாத்து சித்தி மூஞ்சி சுருங்கிக்கிட்டு வந்துச்சு. அக்கா அவங்களைத் திரும்பிப் பாத்தா. தன் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டா.

"ஏனுங்க சித்தி, எந்தங்கச்சிக்குக் கழுத்துல நோவுங்க. எங்க அத்தைக்கும் இதே இருந்துச்சுங்க. எங்க வம்சத்துல இருக்குதுங்க. இந்தப் பக்கமா வந்து நில்லுங்க, அவ வாங்கன்னு சொல்லுவா."